சாக்கில் கிடக்கும் செயின் சோ: பழைய மெசினை எழுப்ப வருகிறவர்களுக்கு

இலங்கையின் மலைநாட்டில், மரம் வெட்டும் பழைய செயின் சோ ஒன்றைத் தேடினால் அது பெரும்பாலும் உரச் சாக்குக்குள்தான் இருக்கும். தோட்டத் தொழிலாளர் லயத்து இஸ்தோப்பின், அதாவது முன் திண்ணையின், மூலையிலோ, விறகு அடுக்கின் பின்னாலோ, பழைய இரும்புக் கடையில் தேயிலை ரோலரின் உடைந்த பாகங்களுக்கு நடுவிலோ கிடக்கும். சாக்கைத் திறந்ததும் மரத்தூளும் பழைய ஒயிலும் கலந்த வாடை முகத்தில் அடிக்கும். அந்த வாடை பிடித்துப்போனவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சாக்கிலிருந்து எடுத்ததும் கை தானாக, மெசினை ஓடவைக்க இழுக்கும் கயிற்றுப் பிடிக்குப் போகும். போகவிடாதீர்கள். இந்தக் கட்டுரை முழுவதிலும் நான் சொல்லப்போவது அதைத்தான். நின்றுபோன மெசின் ஏன் நின்றது என்று தெரிந்துகொள்ளாமல் அதை ஓடவைக்கக் கூடாது.

என் முதல் மெசினை ஹட்டனில் வாங்கினேன். விற்றவர் என் முன்னாலேயே இழுத்தார், மூன்றாவது இழுவையில் ஓடியது. காசைக் கொடுத்து எடுத்து வந்தேன். மூன்று டேங்க் பெற்றோல் ஓடியதும் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டது. புதுப் பிஸ்டனும் ரிங்கும் போட்டேன், அதுவும் அதே போலப் பிடித்தது. அப்போதுதான் தோட்டத்தில் முப்பது வருசம் விறகு வெட்டிய ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். கயிற்றைத் தொடாமலே சைலன்சரைக் கழற்றி உள்ளே பார்த்தார். பிறகு ஃப்ளைவீலைக் கழற்றி, அதன் பின்னாலிருந்த, காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஒயில் சீலை நகத்தால் சுரண்டிக் காட்டினார். காய்ந்து, வெடித்து, தேய்ந்த செருப்பு மாதிரி இருந்தது. “தம்பி, கயித்த இழுக்காத. மொதல்ல வாயத் தொறந்து பாரு, அது எப்பிடி செத்துச்சுன்னு அதுவே சொல்லும்” என்றார். அந்தச் சீலின் விலை நான் பாழாக்கிய பிஸ்டனின் விலையில் ஒரு சிறு பகுதிகூட இல்லை.

வாங்குமுன்

முதல் வேலை கடதாசி வேலை. 2019 தொடக்கத்தில் செயின் சோ வைத்திருப்பவர்கள் எல்லாரும் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் பதிய வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. ஆகவே விற்பவரிடம் பதிவுக் கடதாசி இருக்கிறதா என்று கேளுங்கள். கடதாசியில் உள்ள இலக்கமும் மெசினின் உடலில் அடித்திருக்கும் இலக்கமும் ஒன்றா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். இல்லையென்றால், வாங்குவதற்கு முன்பே பொலிஸிலும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். சேகரிக்க மட்டும்தான் வாங்குகிறேன், மரம் வெட்டமாட்டேன் என்பது சட்டத்தின் முன் பதில் ஆகாது. இலக்கம் சுரண்டப்பட்ட மெசினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது யாரோ ஒரு விறகு வெட்டியின் பிழைப்பாக இருந்திருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் பழைய மெசின் என்றாலே முதலில் வாயில் வருவது ஸ்டில் 070. ஏறக்குறைய 106 சிசி எஞ்சின், 0.404 அங்குலச் சங்கிலி, எடையோ தோளை இறக்கிவிடும். அதன் அண்ணன் 090, 137 சிசி. இரண்டும் 1960களின் வடிவம். பெரும்பாலானவற்றில் கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் இடையில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் கிடையாது. பழையவற்றில் செயின் பிரேக்கும் இல்லை. சேகரிக்க அருமையான மெசின்கள். ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்பவர் மரத்தில் வைத்துப் பழக ஏற்றவை அல்ல. முதல் மெசினாக 60 முதல் 72 சிசி வரை உள்ள ஒன்றைத் தேடுங்கள். ஸ்டில் 038, ஹஸ்க்வர்னா 61, 268, 272 போன்றவை திருத்துவதற்குச் சுலபம், உள்ளே கை போகும்.

ஒரு எச்சரிக்கை. 070இன் அச்சில் வார்த்த போலியான கொப்பி மெசின்கள் நிறையச் சுற்றுகின்றன. மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள். கவர்களின் உட்புறம் வார்ப்பிலேயே இருக்கும் கம்பனி அடையாளத்தையும் பாக இலக்கத்தையும் பாருங்கள், வார்ப்பின் விளிம்பு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்றும் பாருங்கள். கொப்பி மெசினை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், அது வேறு கதை. அசலின் விலையைக் கொடுத்து அதை வாங்கிவிடக் கூடாது.

மேசைக்குக் கொண்டுவந்ததும்

பெரிய கருவிப்பெட்டி தேவையில்லை. ஒரு நல்ல ஸ்க்ரூ ட்ரைவர், எலன் கீ செட், பிற்கால ஸ்டில் மெசின்களுக்கு டி 27 டொர்க்ஸ் கீ, ப்ளக் ஸ்பெனர், பழைய பல் துலக்கும் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு மீற்றர் பருத்திக் கயிறு, அந்தந்தச் சங்கிலிக்கு ஏற்ற வட்ட அரம். இவற்றோடு ஒரு கொப்பியும் பேனாவும். கழற்றும் ஒவ்வொரு திருகையும் பழைய ஐஸ்கிரீம் டப்பா மூடியில், கழற்றிய ஒழுங்கில் வையுங்கள். நீளம் மாறிய ஒரு திருகு, பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிரேங்க் பெட்டியைத் துளைத்துவிடும்.

வேலை செய்யும் இடம் திறந்த இடமாக இருக்கட்டும். காம்பரா என்கிற லயத்து அறைக்குள், அடுப்பு எரியும் பக்கம் பெற்றோல் வாடை போகக் கூடாது.

வெளியழுக்கை முதலில் கழுவுங்கள். கழுவும்போதே அழுக்கைக் கவனியுங்கள். ஒரே ஒரு பக்கம் மட்டும் ஈரமும் ஒயிலுமாகத் தூள் கட்டியிருந்தால் அங்கே ஏதோ கசிகிறது. ஃப்ளைவீல் பக்கத்துக் காற்றுத் துளைகள் அடைத்துக் கிடந்தால் அந்த மெசின் சூட்டில் வெந்திருக்கிறது. சைலன்சர் துவாரத்தில் மண் குளவி கூடு கட்டியிருப்பதையும் கண்டிருக்கிறேன். ஈர மலையில் இரண்டு மூன்று வருசம் சும்மா கிடந்தால் மக்னீசிய உடலில் வெள்ளைத் தூள் பூக்கும். பிரஷால் தேய்த்து, துடைத்து, ஒயில் பூசினால் போதும். அதை மின் சாணையில் பிடிக்காதீர்கள், மக்னீசியத் துகள் தீப்பிடிக்கும்.

வாயைத் திறந்து பார்ப்பது

இங்கே அவசரப்படாதீர்கள். சைலன்சரைக் கழற்றுங்கள். ப்ளக்கையும் கழற்றிவிட்டு, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது சைலன்சர் இருந்த துவாரமான வாசலுக்குள் கைபேசி விளக்கை அடித்துப் பாருங்கள்.

நல்ல பிஸ்டன் மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும். தயாரிக்கும்போது விழுந்த மெல்லிய குறுக்குக் கோடுகள் அதில் இன்னும் தெரியும். ரிங் பளபளவென்று முழுவட்டமாக இருக்கும். இப்படிக் கண்டால் மகிழ்ச்சியாகத் தேநீர் குடிக்கலாம், மிச்சம் எல்லாம் சின்ன வேலைதான்.

மேலிருந்து கீழாக நெடுக்குக் கீறல்கள் தெரிந்தால் கதை வேறு. சைலன்சர் பக்கம் மட்டும் கீறியிருந்தால் பெற்றோல் குறைவாகவோ, பெற்றோலோடு கலக்கும் டூ டி ஒயில் குறைவாகவோ, காற்று எங்கோ களவாக நுழைந்தோ ஓடியிருக்கிறது. காபரேட்டர் பக்கம் தேய்ந்து மங்கியிருந்தால் ஏர் ஃபில்டர் கிழிந்து தூளை விழுங்கியிருக்கிறது. நாலு பக்கமும் கீறியிருந்தால் ஒயில் கலக்காத வெறும் பெற்றோலை யாரோ ஊற்றியிருக்கிறார்கள். கண்டதைக் கொப்பியில் எழுதுங்கள். பிறகு செய்யப்போகும் எல்லா வேலைக்கும் இந்த ஒரு வரிதான் வழிகாட்டும்.

சிலிண்டர் சுவரில் கீறல் மாதிரித் தெரிவது பல நேரம் கீறல் அல்ல, பிஸ்டனின் அலுமினியம் உருகி ஒட்டிக்கொண்டது. குரோம் அல்லது நிக்கசில் என்ற நிக்கல் கலவை பூசிய சிலிண்டர் அந்த அலுமினியத்தை விடக் கடினமானது, அதனால் ஒட்டியதை மட்டும் அகற்ற முடியும். நிக்கசில் சிலிண்டர் என்றால், கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, ஒட்டிய இடத்தில் மட்டும் வைத்தால் நுரைக்கும். நுரை நின்றதும் துடைத்து மறுபடி வைக்க வேண்டும். குரோம் பூச்சில் வைக்காதீர்கள், அதை இந்த அமிலமே தின்றுவிடும். வாசல்களின் விளிம்பில் பூச்சு இல்லாத அலுமினியம் இருக்கிறது. அங்கே அமிலம் பட்டால் அதையும் தின்றுவிடும். கையுறையும் கண்ணாடியும் போட்டு, வெளியில் வைத்துச் செய்யுங்கள். முடிந்ததும் சோடாப் பொடி கலந்த தண்ணீரால் கழுவி, காயவைத்து, உடனே ஒயில் பூசுங்கள். பூச்சே உரிந்து நகம் மாட்டும் பள்ளம் இருந்தால் சிலிண்டரை மாற்றத்தான் வேண்டும்.

கண்ணுக்கு நன்றாக இருந்தால் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, இப்போது கயிற்றுப் பிடியைப் பிடித்து மெசினைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்குங்கள். பழைய கயிறு அறுந்து பாதத்தில் விழாமல் காலைத் தள்ளி வையுங்கள். மெசின் விக்கி விக்கி மெதுவாக இறங்கினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் பலம், இருக்கிறது. தடையில்லாமல் வழுக்கி இறங்கினால் இல்லை. கேஜ் வைத்திருப்பவர்கள், 60, 70 சிசி மெசினில் 150 பிஎஸ்ஐக்கு மேல் கண்டால் நிம்மதியாகலாம். 110க்குக் கீழ் என்றால் ரிங்கைப் பார்க்க வேண்டும்.

கரண்ட்டும் பெற்றோலும்

கரண்ட் வருகிறதா என்று பார்க்க ப்ளக்கைக் கழற்றி, வயர் மூடியில் செருகி, அதன் உலோகத்தைச் சிலிண்டரில் தொடவைத்து இழுக்க வேண்டும். ப்ளக் துவாரத்திலிருந்து தள்ளி வைத்துத் தொடுங்கள், உள்ளிருந்து வரும் பெற்றோல் ஆவி பற்றிக்கொள்ளும். பொறி நீலமாக, டிக் என்ற சத்தத்தோடு வர வேண்டும். வராவிட்டால் முதலில் புது ப்ளக், இடைவெளி 0.5 மில்லிமீற்றர். அதற்கும் வராவிட்டால் ஒன் ஓஃப் சுவிட்சிலிருந்து, பொறிக்குக் கரண்ட் தரும் கொயிலுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஈரத்தில் அந்த வயரின் தோல் உரிந்து உடலில் தொட்டுக்கொண்டிருப்பது இந்தப் பக்கத்தில் சாதாரணம். அதன் பிறகுதான் கொயில். கொயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்ட் தடிப்பு, அதாவது 0.2 முதல் 0.3 மில்லிமீற்றர் இடைவெளி வைத்து இறுக்குங்கள்.

பெற்றோல் வழியில் மூன்று இடம்: டேங்குக்குள் இருக்கும் ஃபில்டர், ரப்பர் குழாய், காபரேட்டர். முதல் இரண்டையும் பார்த்துக்கொண்டு நிற்காமல் மாற்றிவிடுங்கள். பழைய குழாய் வெளியே நன்றாக இருந்தாலும் வளைத்தால் வெடிப்புத் தெரியும்.

2022இல் எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலத்தில் ஏராளமான மெசின்கள் டேங்கில் பாதிப் பெற்றோலோடு சாக்குக்குள் போயின. அந்தப் பெற்றோல் காபரேட்டருக்குள் கோந்தாகி நிற்கிறது. இன்றும் என்னிடம் வரும் மெசின்களில் அந்தக் கோந்தைக் காண்கிறேன். காபரேட்டரின் இரண்டு மூடிகளையும் கழற்றினால் உள்ளே டயப்ரம் என்ற மெல்லிய தோல் இருக்கும். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டல் தட்டில் கிடக்கும் கொழுந்து மாதிரித் துவள வேண்டும். ட்ரையரில் இருந்து வந்த தேயிலை மாதிரி மொறமொறத்தால் அது முடிந்துவிட்டது. வல்ப்ரோ, டில்லட்சன் என்ற இரண்டு கம்பனிக் காபரேட்டர்களுக்கும் டயப்ரம், பெக்கிங், ஊசி எல்லாம் அடங்கிய கிட் கிடைக்கும். காபரேட்டரின் உடலில் பொறித்திருக்கும் எழுத்தையும் இலக்கத்தையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள், மெசினின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று விதக் காபரேட்டர் வந்திருக்கிறது. துவாரங்களைக் கம்பியால் குத்தாமல் கிளீனர் ஸ்ப்ரேயாலும் காற்றாலும் ஊதுங்கள்.

சீல்: என்னை ஏமாற்றிய இடம்

டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் கிரேங்க் பெட்டி காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும். இரண்டு பக்க ஒயில் சீல், சிலிண்டர் அடிப் பெக்கிங், காபரேட்டரோடு சேரும் ரப்பர், இதில் எங்கே ஒரு மயிரிழை வெடித்தாலும் அந்த வழியாக வெறும் காற்று நுழையும். பெற்றோலோடு வரும் ஒயில்தான் இந்த எஞ்சினுக்கு உயிர்ப்பு. காற்று கூடினால் பெற்றோல் குறையும், அதோடு ஒயிலும் குறையும், சூடும் ஏறும். பிஸ்டன் பிடிப்பது இப்படித்தான்.

கடையில் இருக்கும் விலை கூடிய கருவி இல்லாமலே இதைச் சோதிக்கலாம். இரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் பம்பும் முள்ளும் போதும். சைலன்சர் வாசலையும் காபரேட்டர் வாசலையும் சைக்கிள் டியூப் ரப்பர் வைத்து அடைத்துப் பூட்டுங்கள். ப்ளக் துவாரத்தில் ஒரு பழைய ப்ளக்கின் உடலைக் குடைந்து குழாய் செருகி, முள் 250க்கு வரும் வரை காற்றடியுங்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சீல்களிலும் பெக்கிங் ஓரங்களிலும் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள், குமிழி வரும் இடம்தான் குற்றவாளி. தள்ளும் காற்றுக்குத் தாங்கி, உறிஞ்சும்போது மட்டும் கசியும் சீலும் உண்டு. பத்து வருசத்துக்கு மேல் கிடந்த மெசின் என்றால் சோதனையில் தேறினாலும் இரண்டு சீலையும் மாற்றிவிடுவது என் வழக்கம்.

சீலுக்குப் போக ஃப்ளைவீலையும் கிளச்சையும் கழற்ற வேண்டும். எஞ்சின் சுற்றாமல் பிடிக்கத்தான் அந்தப் பருத்திக் கயிறு. பிஸ்டன் மேலேறி வாசல்களை மூடிய பிறகு ப்ளக் துவாரம் வழியாகக் கயிற்றை உள்ளே திணித்தால் அது தலையணை மாதிரித் தடுக்கும். ஸ்க்ரூ ட்ரைவரைச் செருகித் தடுக்காதீர்கள், பிஸ்டனில் ஓட்டை விழும். பெரும்பாலான மெசின்களில் கிளச்சின் மரை தலைகீழ். கடிகார முள் போகும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் பலத்தைக் காட்டி உடைத்த கிரேங்குகள் எத்தனையோ.

மலை ஏறினால் காபரேட்டரும் ஏற வேண்டும்

இது எங்கள் ஊருக்கே உரிய விசயம். பள்ளத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதற்கு இரண்டு வரிதான் இருக்கும்.

கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரம், ஹட்டன் 1,270 அளவில், நுவரெலியா 1,868. நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதை விட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் இழுக்கும் காற்று மெலிகிறது, ஆனால் காபரேட்டர் விடும் பெற்றோல் அதே அளவுக்குக் குறைவதில்லை. ஆகவே கொழும்பிலோ கண்டியிலோ டியூன் செய்த மெசின் மேலே வந்தால் பெற்றோல் கூடி, புகைந்து, மந்தமாகும். இதில் மெசின் சாகாது, சோம்பல்தான்.

ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. நுவரெலியாவில் சரியாக டியூன் செய்த மெசினை நாவலப்பிட்டிக்கோ கினிகத்தேனைக்கோ இறக்கி, திருகைத் தொடாமல் அல்பீசியா மரத்தில் வைத்து அரைமணி நேரம் இழுத்தால், அங்கே காற்று கூடி, பெற்றோல் குறைந்து, பிஸ்டன் பிடிக்கும். மெசின் மலை இறங்கும்போது, முழு வேகத்தில் பெற்றோல் அளவை வைக்கும் காபரேட்டரின் எச் திருகைத் திறக்காமல் வேலைக்கு வைக்கவே கூடாது.

டியூன் செய்யும் முறை இது. ஏர் ஃபில்டர் சுத்தமாக இருக்கட்டும். குறைந்த வேகத்துக்கான எல், முழு வேகத்துக்கான எச் ஆகிய இரண்டு திருகையும் மெதுவாக, உட்காரும் வரை மூடி, ஒவ்வொரு சுற்றுத் திறந்து தொடங்குங்கள். மெசினை ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். எல் திருகில் எஞ்சின் வேகமாக ஓடும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அரைக்கால் சுற்றுத் திறவுங்கள். எக்சிலேட்டரை அமுக்கியதும் தயங்காமல் எழ வேண்டும். அடுத்து ஸ்லோ திருகால் சங்கிலி அசையாத அளவுக்கு வேகத்தைக் குறையுங்கள்.

எச் திருகுக்குக் காது வேண்டும். வெறுமனே முழு எக்சிலேட்டர் பிடித்தால் சத்தம் கொஞ்சம் கரகரக்க வேண்டும், தொண்டை கட்டிய மாதிரி. மரத்தில் வைத்து அமுக்கியதும் அந்தக் கரகரப்பு நீங்கிச் சத்தம் தெளிய வேண்டும். வெறுமனே பிடிக்கும்போதே சத்தம் கூராகி விசில் மாதிரி ஏறினால் பெற்றோல் குறைவு, உடனே விட்டுவிட்டு எச்சைத் திறவுங்கள். மரத்தில் வைத்த பிறகும் கரகரத்தால் அரைக்கால் சுற்று மூடுங்கள். சந்தேகமாக இருந்தால் கரகரப்பின் பக்கமே விடுங்கள். கொஞ்சம் புகையும், கொஞ்சம் பெற்றோல் கூடப் போகும், பிஸ்டன் பிழைக்கும். உயரத்துக்குத் தானாகவே மாற்றிக்கொள்ளும் கணினிக் காபரேட்டர் கொண்ட புதிய மெசின்களுக்கு இது தேவையில்லை, அவை இந்தக் கட்டுரைக்கு வெளியே.

பெற்றோலும் ஒயிலும் கலக்கும் அளவு: தரமான டூ டி ஒயில் என்றால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், அதாவது 50க்கு 1. சாதாரண ஒயில் என்றால் 40 மில்லிலீற்றர். கண் அளவில் ஊற்றாதீர்கள், மருந்து போத்தலோடு வரும் அளவு மூடி போதும். கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

சங்கிலி, பார்

எஞ்சினில் நாலு நாள் செலவழித்துவிட்டு மொட்டைச் சங்கிலியோடு வெட்டிப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுக்காது. தூளைப் பாருங்கள். சீவல் சீவலாக வந்தால் சங்கிலி கூர், மாவாக வந்தால் மொட்டை.

இன்று நாம் பாவிக்கும் வளைந்த பல்லுக்குப் பின்னால் ஒரு மரப்புழு இருக்கிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோ கொக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைக் குடையும் வண்டின் புழு இடமும் வலமுமாகத் தாடையை அசைத்துத் தின்பதைக் கவனித்து, அதே மாதிரிப் பல்லை இரும்பில் செய்தார். 1947இல் அதை விற்கக் கம்பனியும் தொடங்கினார்.

சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடான பாரில் சங்கிலியின் அளவு அழிந்திருந்தால் அடுத்தடுத்த மூன்று ரிவெட்டின் தூரத்தை அளந்து இரண்டால் பிரியுங்கள். 0.404 அங்குலத்துக்கு 5.5 மில்லிமீற்றர் அரம், 0.325க்கு 4.8, எட்டில் மூன்று அங்குலத்துக்குச் சங்கிலியின் வகையைப் பொறுத்து 5.2 அல்லது 5.5. பல்லின் மேல் இருக்கும் கோட்டுக்கு ஒத்து, பெரும்பாலும் 30 பாகையில், உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள். இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். எல்லாப் பல்லும் ஒரே நீளத்தில் இருந்தால்தான் வெட்டு நேராகப் போகும். ஒரு பக்கம் கட்டையானால் வெட்டு வளைந்து பார் மரத்துக்குள் மாட்டும்.

சங்கிலி ஒயிலுக்கு வாகனத்தில் கழிந்த கறுப்பு ஒயிலை ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் இரும்புத் துகள் இருக்கிறது, பம்ப்பைத் தேய்க்கும். அது தெறிப்பது உங்கள் தோலிலும் மண்ணிலும். தேங்காய் எண்ணெய் கீழ்நாட்டில் சரிவரலாம், ஆனால் 24 பாகைக்குக் கீழே அது உறையத் தொடங்கும். நுவரெலியாக் காலையில் பம்ப்புக்குள் வெள்ளைக் கட்டியாக நிற்கும். பார் ஒயில் கிடைக்காவிட்டால் புது எஞ்சின் ஒயில் ஊற்றுங்கள். பாரின் நுனியை ஒரு வெள்ளைக் கடதாசிக்கு நேரே பிடித்து வேகம் கொடுத்தால் ஒயில் கோடு விழ வேண்டும்.

முதல் வெட்டு

நிற்கும் மரத்தில் பழகாதீர்கள். குதிரைக் கட்டையில் வைத்த சவுக்கு விறகில் தொடங்குங்கள். அதற்கு முன் செயின் பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். பாருக்குக் கீழே, அறுந்த சங்கிலியைப் பிடிக்கும் கொக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த மெசின் அலுமாரிக்கே. பார் நுனியின் மேல் கால்பகுதி மரத்தில் பட்டால் மெசின் கண் இமைக்குமுன் முகத்துக்கு எழும்பும். கண்ணாடி, காதடைப்பு, பூட்ஸ், இறுக்கமான உடுப்பு, சரிவில் எப்போதும் மேட்டுப்பக்கம் நிற்பது, இவற்றில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. தோட்டப் பக்கத்தில் கயிற்றை இழுக்குமுன் மரத்தை அண்ணாந்து பாருங்கள். செயின் சோ சத்தத்தில் கலையும் குளவி, பக்கத்து மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களைத்தான் முதலில் தேடிப் போகும்.

பலா, ஈரப்பலா, பெண் பனை போன்ற மரங்களை வெட்ட, சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதி வேண்டும். பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

சேர்த்து வைப்பது

ஓடிய மெசின் அலுமாரிக்குப் போகுமுன் டேங்கை வடித்து, தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். ப்ளக் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி டூ டி ஒயில் விட்டு, கயிற்றை இரண்டு தரம் மெதுவாக இழுத்து, பிஸ்டன் மேலே நிற்கும் இடத்தில் விடுங்கள். வாசல்கள் மூடியிருக்கும், பனியும் ஈரமும் உள்ளே போகாது. சாக்கில் மட்டும் திரும்பப் போடாதீர்கள். சாக்கு ஈரத்தைக் குடித்து மெசினுக்கே ஊட்டும். தரையிலிருந்து உயர்த்திய, காற்றோடும் பலகையில் வையுங்கள்.

பழைய நிறத்தைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிக்கும் ஆசை வரும். நான் அடிப்பதில்லை. கைப்பிடியில் யாரோ ஒருவரின் உள்ளங்கை முப்பது வருசம் தேய்த்த இடத்தை எந்தப் பெயின்ட் கடையிலும் வாங்க முடியாது. உடைந்ததை மாற்றினாலும் அசல் பாகத்தை எறியாமல் டப்பாவில் போட்டு மெசினோடு வையுங்கள். விற்றவரிடம் நாலு கேள்வி கேளுங்கள்: எந்தத் தோட்டத்தில் ஓடியது, என்ன மரம் வெட்டியது, யார் பிடித்தது, ஏன் நின்றது. டோல்மார் என்ற ஜெர்மன் மெசினின் பெயரே, 1927இல் எமில் லெர்ப் தன் முதல் பெற்றோல் செயின் சோவைக் கொண்டுபோய்ச் சோதித்த மலையின் பெயர்தான். எங்கள் மெசின்களுக்கும் மலை உண்டு, யாரும் எழுதி வைக்கவில்லை.

நான் ஒவ்வொரு மெசினின் கைப்பிடியிலும் ஒரு தகரத் துண்டைக் கட்டுகிறேன். அதில் ஆணியால் பொறிப்பது மூன்று வரி: வந்த இடமும் வருசமும், மாற்றிய சீலும் டயப்ரமும், எச்சும் எல்லும் எத்தனை சுற்று, எந்த ஊரில். அண்மையில் கட்டிய தகரத்தில் இப்படி இருக்கிறது: “எச் ஒன்று, எல் ஒன்றேகால், நுவரெலியா. கீழே கொண்டு போனால் எச் திற.”